வரிசையில் ஏழு

இரவு ஒன்பதே காலுக்குக் கரண்ட் வந்தது.
பிறின்ரர் வரவில்லை.
பச்சை லைற் மட்டும்
கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது,
எப்ப கோல் எடுத்தாலும்
"இந்தா வாறன்" என்கிற மேசனைப் போல.

விடிய ஆறு மணிக்கு வகுப்பு.
இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பக்கம்,
கணக்கீடு: தொங்கல் கணக்கும் பிழை திருத்தலும்.
கொக்குவில் சந்திப் போட்டோக்கொப்பிக் கடை
ஏழரைக்குத்தான் திறக்கும்.

றெஜினோல்டுக்கு எடுத்தேன்.
குருநகரில் யாரோ கரோக்கே பாடுகிற சத்தத்துக்குள்ளால்
"ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீங்களோ அக்கா?"
பண்ணினேன்.
"வயரைக் கழற்றிப் பூட்டினீங்களோ?"
அதுவும்.
"மை?"
மை இருக்கு. மூவாயிரத்து நானூறு குடுத்து
போன கிழமைதான் ஊற்றினது.
நகக்கண்ணில் இன்னும் நீலம்.
"அப்ப பேப்பர்த் தட்டை இழுத்துப் பாருங்கோ."

இழுத்தேன்.
தாள்களுக்கு அடியில் எறும்புகள் குடியிருந்தன.
வெள்ளைக்கு மேல் வெள்ளையாய் முட்டைகள்.
வெளிச்சம் பட்டதும்
ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கின.
எதை எடுப்பது, எதை விடுவது என்று
ஒன்றுகூட நின்று யோசிக்கவில்லை.
பழகின ஓட்டம்.
பழைய ரூத்பிறஷால் மிச்சத்தைத் தட்டிவிட்டேன்.

அதற்கும் அசையவில்லை.

"அப்ப கியூ அடைச்சிருக்கும் அக்கா.
முன்னால ஒண்டு செத்துக் கிடந்தா
பின்னால நிக்கிறது நகராது.
எல்லாத்தையும் கான்சல் பண்ணுங்கோ."

திறந்து பார்த்தேன். வரிசையில் ஏழு.
என்னுடையது ஏழாவது.
கான்சலுக்கு மேல் விரலைக் கொண்டுபோனவள்
திருப்பி எடுத்து
"தொடர்க" என்றிருந்ததை அமத்தினேன்.
பெற்றோலுக்கு இரண்டு பகல் வரிசையில் நின்றவளுக்கு
முன்னால் நிற்கிறவரைக் கலைக்க மனம் வராது.

ஒரு முக்கல். ஒரு கடகடப்பு.
முதலில் வந்தது வர்சனாவின் வட்ட வரைபடம்,
மாசியில் ஒப்படைக்க வேண்டியது.
பிறகு கனடா மச்சாள் அனுப்பின
முழங்கால் நோவுக்கான உடற்பயிற்சி.
பிறகு அதே உடற்பயிற்சி, பொறுமையில்லாமல் நான்
இரண்டாந்தரம் அமத்தினது.

நாலாவது ஒரு கடிதம்.

"ஐயா, தங்கள் விடுதியின்
இரவுக் காவலாளர் பதவிக்கு…"
சித்திரை பதினெட்டாம் திகதி.
வயது ஐம்பத்தொன்று என்றிருந்தது.
இதயகுமாருக்கு ஐம்பத்தாறு.
சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடம் முகாமையாளர்,
கடை பூட்டிப் பத்து மாதம்.
தகுதிகள் என்ற இடத்தில்
அதையும் எழுதி,
சொந்தச் சைக்கிள் உண்டு என்றும் எழுதி,
கடைசியாக
நித்திரை குறைவு.

நித்திரை குறைவு.
பக்கத்தில் படுக்கிற எனக்கு
அதுவும் ஒரு தகுதியென்று தெரியாமல் போச்சு.

ஐந்தாவதும் அதே கடிதம்.
ஆறாவதும்.
மூன்று தரம் அமத்திப் பார்த்துவிட்டு
எழும்பிப் போயிருக்கிறார்.
பிறின்ரர் பழுது என்று
அண்டைக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

கையில் சிவப்புப் பேனை இருந்தது.
கடிதத்தின் அடியில் "இப்படிக்கு, உன்மையுள்ள."
யோசிக்க முதல் கை திருத்திவிட்டது,
ஒரு பிரதியில்.
மற்ற இரண்டையும் தொடவில்லை.

ஏழாவது வரத் தொடங்கியது.
ஒவ்வொரு தாளிலும் நடுவால் ஒரு வெள்ளைக் கோடு,
வரவுப் பக்கத்தில் ஓர் இலக்கம் பாதி.
பிள்ளைகளுக்கு வாயால் சொல்லலாம்.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.
"வேலை செய்யுதோ?"
இருட்டுக்குள் இருந்து கேட்டார்.
"ஓம். இப்ப செய்யுது."

கொஞ்ச நேரம் பிறின்ரர் மட்டும் கதைத்தது.
பிறகு, காலால் செருப்புத் தேடுகிற சத்தம்.